கடலூர்க் கடல்மேல் 1 கிமீ உயரத்தில் மைனஸ் 38 டிகிரியா? (ரேடியோ மறைப்புத் தரவு)

கெடிலக்கரை | சனி, காலை 10.14

காஸ்மிக்-2 செயற்கைக்கோள் தரவில் ஒரு கோப்பு எடுத்து பைத்தானில் வரைந்து பார்த்தேன். இடம் கடலூருக்குக் கிழக்கே, கரையிலிருந்து சுமார் 60 கிமீ தள்ளிக் கடல்மேல். 16, 17 கிமீ உயரத்தில் மைனஸ் 80-ஐ ஒட்டி வருகிறது, அது நம்பும்படி இருக்கிறது. கீழே இறங்க இறங்கத்தான் சிக்கல். 1 கிமீ உயரத்தில் மைனஸ் 38 காட்டுகிறது. அந்த நேரம் கடலூர்க் கரையில், தேவனாம்பட்டினத்தில் 28 டிகிரி. கெல்வினா செல்சியஸா என்று பார்த்துவிட்டேன், செல்சியஸ்தான். கோப்பு கெட்டதா, என் நிரல் கெட்டதா?

பாகூர் ஏரி | சனி, காலை 10.41

ரெண்டும் கெடவில்லை. நீங்கள் எடுத்தது 'ஏடிஎம்-பிஆர்எஃப்' வகைக் கோப்பு. அதில் இருப்பது உலர் வெப்பநிலை, அதாவது காற்றில் துளி ஈரமும் இல்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு.

இந்தக் கருவி வெப்பத்தை அளப்பதே இல்லை என்பதை முதலில் மனதில் வையுங்கள். 20,200 கிமீ உயரத்தில் இருக்கும் ஜிபிஎஸ் கோள் பூமியின் விளிம்புக்குப் பின்னால் இறங்கும்போது, சுமார் 550 கிமீ உயரத்தில் சுற்றும் சின்னக் கோள் (இங்கே காஸ்மிக்-2) அதன் அலையைக் காற்றுக்குள்ளாகப் பிடிக்கிறது. இதுதான் ரேடியோ மறைப்பு. காற்று அந்த அலையை வளைக்கிறது, தாமதிக்கவும் செய்கிறது. அளக்கப்படுவது அலையின் கட்டம் (ஃபேஸ்) மட்டுமே, மில்லிமீட்டர் துல்லியத்தில். கட்டத்திலிருந்து டாப்ளர் (அலைவெண் மாற்றம்), டாப்ளரிலிருந்து வளைவுக் கோணம், அதிலிருந்து ஏபெல் மாற்றம் என்ற கணித முறை வழியாக ரிஃப்ராக்டிவிட்டி, அதாவது காற்று அலையை எவ்வளவு விலக்கும் என்ற அளவு. இந்த ரிஃப்ராக்டிவிட்டியைத்தான் எல்லாரும் 'என்' என்று எழுதுவார்கள். வெப்பநிலை கடைசிப் படிக்கட்டில்தான் வருகிறது.

'என்' இரண்டு துண்டு: 77.6 × அழுத்தம் ÷ வெப்பநிலை, அதோடு 3,73,000 × நீராவி அழுத்தம் ÷ வெப்பநிலையின் வர்க்கம். அழுத்தங்கள் ஹெக்டோபாஸ்கலில், வெப்பநிலை கெல்வினில். நம் கடற்கரைக்குப் போட்டுப் பாருங்கள்: அழுத்தம் 1008, வெப்பநிலை 303, நீராவி 30. முதல் துண்டு 258, இரண்டாவது 122, மொத்தம் 380. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தால் வந்தது. உலர் கணக்கு 380 முழுவதையும் காய்ந்த காற்றின் தலையில் கட்டுகிறது. இவ்வளவு அடர்த்தி என்றால் காற்று பயங்கரக் குளிர்ச்சி என்று முடிவுகட்டி, கடல் மட்டத்திலேயே 230 கெல்வின் போலச் சொல்லும். 1 கிமீ-ல் 900 ஹெக்டோபாஸ்கல், 296 கெல்வின், நீராவி 20 என்று வைத்தால் 'என்' 321. மேலேயுள்ள ஈரம் முழுவதும் உலர் காற்றின் எடையாகச் சேர்ந்து, உலர் அழுத்தம் 975 பக்கம் போகும். 77.6 × 975 ÷ 321 = 236 கெல்வின், அதாவது மைனஸ் 37. உங்கள் மைனஸ் 38 அங்கிருந்துதான் வருகிறது.

நம் அட்சரேகையில் 12 கிமீ-க்கு மேல் உலர் வெப்பநிலையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே அது ஒரு கணக்குப் பொருள், வெப்பமானி அல்ல.

கெடிலக்கரை | சனி, காலை 11.02

நன்றி அண்ணே. அப்போ நிஜ வெப்பநிலைக்கு ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட 'வெட்' கோப்பை எடுத்தால் போதுமா?

முத்தியால்பேட்டை | சனி, காலை 11.30

எடுக்கலாம், என்ன எடுக்கிறோம் என்று தெரிந்து எடுக்கணும். 'என்' ஒரே ஒரு எண். அதிலிருந்து வெப்பம், ஈரம் ரெண்டையும் பிரிக்க முடியாது. பள்ளிக்கூடக் கணக்குதான்: ஒரு சமன்பாடு, ரெண்டு தெரியாத எண். அதனால் 'வெட்' கோப்பில் வானிலை மாதிரியின் கணிப்பைத் தொடக்கமாக வைத்து, 'என்' மதிப்புக்கு ஒத்துவரும்படி கொஞ்சம் நகர்த்துகிறார்கள். ஒருபரிமாண வேரியேஷனல் முறை என்று பெயர். கீழ் 5 கிமீ-ல் ஈரத்தைப் பற்றி அலை நிறையப் பேசும். வெப்பநிலையைப் பற்றி அங்கே பேசுவது பெரும்பாலும் மாதிரிதான். அந்தக் கோப்பை எடுத்து அதே மாதிரியோடு ஒப்பிட்டு 'ஆகா, பொருந்துகிறது' என்று எழுதுவது, தன் நிழலோடு உயரம் பார்ப்பது மாதிரி. இது நிறையப் பேர் செய்கிற வேலை.

பாகூர் ஏரி | சனி, நண்பகல் 12.05

அவ்வளவு கறாராகச் சொல்ல வேண்டாம். 2 கிமீ-ல் நம் ஊர் வெப்பநிலை மாதிரியில் 1 டிகிரி பிசகினால் அதற்காக ஈரத்தில் வரும் பிழை சிறிதுதான். வெப்பமண்டலத்தில் வெப்பநிலை நாளுக்கு நாள் அதிகம் ஆடாது, ஈரம்தான் ஆடும். ஆகவே வெப்பநிலையை மாதிரியிடமிருந்து கடன் வாங்கி ஈரத்தை அலையிடமிருந்து எடுப்பது நியாயமான பேரம். 8 கிமீ-க்கு மேலுள்ள ஈர எண்களை மட்டும் தொடாதீர்கள். மேலே போகப் போக நீராவியின் பங்கு அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிடும்.

முத்தியால்பேட்டை | சனி, நண்பகல் 12.20

பேரம் சரி, ஒத்துக்கொள்கிறேன். கடன் வாங்கியதை மறக்காமல் இருந்தால் போதும்.

உப்பளம் | சனி, மதியம் 2.47

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கடல் அலை மேல் பட்டுத் திரும்பும் ஜிபிஎஸ் சிக்னலை வைத்துக் காற்று வேகம் பார்ப்பார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

பாகூர் ஏரி | சனி, மதியம் 2.58

இல்லை. அது எதிரொளிப்பு முறை, 2016 டிசம்பரில் போன சிக்னஸ் எட்டுக் கோள்கள் செய்வது. அங்கே அலை கடலில் பட்டுத் திரும்புகிறது, இங்கே கடலைத் தொடாமல் காற்றைச் சீவிக்கொண்டு போகிறது. இழை அந்தப் பக்கம் போக வேண்டாம்.

காரைக்கால் பலூன் | சனி, மாலை 5.15

கெடிலக்கரை, ஒப்பிட மாதிரி வேண்டாம் என்றால் வானிலைத் துறை பலூன் இருக்கிறது. நிலைய எண் 43346, காரைக்கால். சென்னை 43279. ரெண்டும் உங்களுக்கு எட்டும் தூரம். காலை 5.30 ஏற்றத்தை ஒட்டி 3 மணி நேரம் முன்பின், 200 கிமீ சுற்று என்று வையுங்கள். இன்னும் சுருக்கினால் ஜோடியே கிடைக்காது.

ஒப்பிடும்போது வெப்பநிலையை வெப்பநிலையோடு ஒப்பிடாதீர்கள். பலூனின் அழுத்தம், வெப்பம், ஈரப்பதம் மூன்றையும் போட்டு 'என்' ஆக்கி, 'என்'-ஐ 'என்'-னோடு ஒப்பிடுங்கள். அப்போது யாருடைய அனுமானமும் நடுவில் நுழையாது. ஈரப்பதத்தை நீராவி அழுத்தமாக மாற்றும்போது, பூச்சியத்துக்குக் கீழே போனாலும் நீர்ப்பரப்புக்கான சூத்திரமே. பனிக்கட்டிக்கானதைப் போட்டால் தப்பு. பலூன் ஈரப்பதம் எப்போதும் திரவ நீரைக் கொண்டே சொல்லப்படும்.

இன்னொன்று, கோப்பின் தலைப்பில் உள்ள ஒற்றை அட்சரேகை தீர்க்கரேகையை நம்பாதீர்கள். ஒரு மறைப்பு ஒன்றிரண்டு நிமிடம் ஓடும். அதற்குள் தொடுபுள்ளி, அதாவது அலை பூமிக்கு மிகக் கிட்ட வரும் இடம், 100 கிமீ-க்கு மேலும் நகரலாம். ஒவ்வொரு உயரத்துக்கும் தனி இடம் கோப்பிலேயே இருக்கிறது, அதை எடுங்கள்.

கெடிலக்கரை | ஞாயிறு, காலை 8.36

அப்படியே செய்தேன். ஐந்து ஜோடி கிடைத்தது. 10 முதல் 17 கிமீ வரை ஐந்திலும் ஒரே பக்கம் சாய்கிறது. பலூனைவிடக் கோளின் 'என்' ஒன்றரை சதவீதம்வரை அதிகம், மேலே போகப் போகக் கூடுகிறது. 0.2, 0.3 சதவீதத் துல்லியம் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். பலூன் தப்பா?

காரைக்கால் பலூன் | ஞாயிறு, காலை 9.10

பலூன் கோப்பில் உயரம் எதில் இருக்கிறது? ஜியோபொட்டென்ஷியல் மீட்டரா?

கெடிலக்கரை | ஞாயிறு, காலை 9.14

ஆமாம்.

காரைக்கால் பலூன் | ஞாயிறு, காலை 9.31

பிடித்தாயிற்று. காஸ்மிக் கோப்பில் இருப்பது அளவுகோல் வைத்து அளக்கும் உயரம். பலூனில் இருப்பது ஈர்ப்பை எல்லா இடத்திலும் 9.80665 என்று வைத்துச் சொல்லும் உயரம். நம் அட்சரேகையில் தரையிலேயே ஈர்ப்பு 9.783தான், மேலே போனால் இன்னும் குறையும். 16 கிமீ நிஜ உயரம் ஜியோபொட்டென்ஷியலில் 15.92 ஆகும். 80 மீட்டர் வித்தியாசம். அந்த உயரத்தில் 'என்' சுமார் 6 கிமீ-க்கு ஒரு மடங்கு (2.7-ல் ஒன்றாக) தேய்கிறது. 80-ஐ 6000-ஆல் வகுத்தால் 1.3 சதவீதம். உங்கள் சாய்வு முழுக்க இதுதான். மேலே போகப் போகக் கூடுவதும் இதனால்தான்.

பலூன் உயரத்தை நிஜ உயரமாக மாற்றிவிட்டுத் திரும்ப வரையுங்கள். அட்சரேகை சேர்த்த ஈர்ப்புச் சூத்திரம் அவசியம். வெறும் பூமி ஆரத்தை மட்டும் வைத்து மாற்றினால் பாதிதான் சரியாகும்.

சில்வர் பீச் | ஞாயிறு, காலை 11.48

இன்னொரு உயரக் குழியும் இருக்கு, சொல்லிடறேன். வளைவுக் கோணத்தை வரையும்போது செங்குத்து அச்சில் இம்பாக்ட் உயரம் வரும், அதாவது அலை வளையாம நேரா போயிருந்தா பூமிக்கு எவ்ளோ கிட்ட வந்திருக்கும்ங்கற உயரம். அதைக் கடல் மட்டத்திலிருந்து உயரம்னு எடுத்துக்கிட்டா அவ்ளோதான். 380 அலகு 'என்' இருந்தா 0.00038 × 6371 = 2.4 கிமீ. கடல் மட்டமே இம்பாக்ட் உயரத்துல 2.4 கிமீ-ல உட்கார்ந்திருக்கும். 'கீழே ரெண்டு கிமீ தரவு காணோம்'னு சொல்றவங்க பாதிப் பேர் இங்கதான் மாட்டியிருப்பாங்க.

அப்புறம் இந்த உயரத்தைக் கணக்கிட ஆரம் கழிக்கும்போது பூமியின் சராசரி ஆரத்தைக் கழிக்கக் கூடாது. அந்த இடத்துக்கு, அலை போற திசைக்கு உரிய வளைவு ஆரம் கோப்புலேயே தனியா இருக்கும். பூமி உருண்டை இல்ல. வடக்கு தெற்கா போற அலைக்கும் கிழக்கு மேற்கா போற அலைக்கும் ஆரம் வேற.

கெடிலக்கரை | ஞாயிறு, மாலை 4.22

உயரம் மாற்றியதும் சாய்வு மறைந்தது. ஐந்து ஜோடியிலும் பூச்சியத்தை ஒட்டி ரெண்டு பக்கமும் ஆடுகிறது. நன்றி.

ஆனால் இப்போது கீழ் 2 கிமீ-ல் வேறு கோளாறு. ரெண்டு கோப்பில் 'என்' பலூனைவிடக் குறைவு, 5 சதவீதம்வரை. ஒரு கோப்பு 900 மீட்டரிலேயே நின்றுவிட்டது.

சில்வர் பீச் | ஞாயிறு, மாலை 6.05

எந்த மாசம்?

கெடிலக்கரை | ஞாயிறு, மாலை 6.09

குறைவாக வந்த ரெண்டும் மார்ச்.

சில்வர் பீச் | ஞாயிறு, மாலை 6.40

அப்போ அது அலைப்பொறியா, அதாவது அலையைச் சிக்கவைக்கிற அடுக்கா இருக்க வாய்ப்பு அதிகம். மாசி பங்குனியில கடலோரம் கீழே ஈரக் காற்று, அதுக்கு மேல உள்நாட்டுலேர்ந்து வர்ற காய்ஞ்ச சூடான காற்று, ரெண்டுக்கும் நடுவுல கத்தியால வெட்டின மாதிரி ஒரு எல்லை. ஒரு கிமீ-க்கு 'என்' 157 அலகுக்கு மேல விழுந்தா அலையோட வளைவு பூமியோட வளைவை மிஞ்சிடும். 200 மீட்டர் தடிப்புல 370-லேர்ந்து 320-க்கு விழுதுன்னு வைங்க, அது கிமீ-க்கு 250. அந்த அடுக்குக்குள்ள தொடுபுள்ளி வர்ற மாதிரி வெளியேர்ந்து எந்த அலையும் வராது. உள்ளே போனது வெளியே வராது, வெளியே இருக்கிறது உள்ளே நிக்காது. கோடை ராத்திரியில இலங்கை எஃப்எம் நம்ம கரையோரம் திடீர்னு தெளிவா கேக்கறதுக்கும் இதே அடுக்குதான் காரணம்.

இந்த இடத்துல ஏபெல் மாற்றத்துக்கு ஒரே விடை கிடையாது. பல அமைப்புகள் ஒரே வளைவுக் கோணத்தைத் தரும், அதுல மிகக் குறைஞ்ச 'என்' உள்ளதைத்தான் அது எடுத்துக் கொடுக்கும். அதனாலதான் பிழை எப்பவும் குறைவுப் பக்கம், எப்பவும் அந்த எல்லைக்குக் கீழ. சராசரி எடுத்தா போகாது, ஆயிரம் கோப்பு சேர்த்தாலும் போகாது.

900 மீட்டர்ல நின்ன கோப்பு வேற கதை. கீழே வரவர அலை பல பாதையா பிரிஞ்சு வந்து ஒண்ணோட ஒண்ணு மோதும், சத்தம் மாதிரி ஆயிடும். பழைய கருவிகள் அலையைத் துரத்திக்கிட்டே போகும், இங்க கை நழுவிடும். இப்ப துரத்தறதில்ல. டாப்ளர் எவ்வளவு இருக்கணும்னு முன்கூட்டியே கணக்குப் போட்டு, அதைச் சுத்தி விநாடிக்கு 100 தடவை கண்ணை மூடிக்கிட்டுப் பதிவு பண்ணி இறக்கிடுவாங்க. திறந்த வளையம்னு பேரு. உதயமாகிற கோளுக்கு இது இல்லாம முடியவே முடியாது, ஏன்னா அதுக்குத் தொடக்கமே இந்தக் கீழ் அடுக்கு அடிச்சேறுதான்.

முத்தியால்பேட்டை | ஞாயிறு, இரவு 7.15

திறந்த வளையப் பதிவை நீங்களே கையாளப் போனால் ஒரு குழி. ஜிபிஎஸ் எல்1 அலையில் வழிசெலுத்தல் செய்தி விநாடிக்கு 50 பிட்டாக ஏறியிருக்கும். 20 மில்லிவிநாடிக்கு ஒருமுறை கட்டம் 180 டிகிரி புரளலாம். தரையில் பதிவான அதே பிட்டுகளைக் கொண்டு அதைக் கழற்றாவிட்டால் கட்டம் அரை அலைநீளம், 9.5 செமீ, தாவித் தாவி வரும். பிட் நேரம் ஒரே ஒரு பதிவுப்புள்ளி (சாம்பிள்) தள்ளிப்போனாலும் போதும், கீழ் 3 கிமீ குப்பை.

உப்பளம் | ஞாயிறு, இரவு 8.33

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு நம் புதுச்சேரிப் பக்கம் கரையேறியதே, அதை இந்தக் கோள்கள் பார்த்திருக்குமா? 19 செமீ அலைக்கு மழை மறைக்காது என்று படித்தேன்.

பாகூர் ஏரி | ஞாயிறு, இரவு 9.02

மழையும் மேகமும் மறைக்காது, அது உண்மை. எத்தனை வரும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். காஸ்மிக்-2 ஆறு கோள்கள், 2019 ஜூன் 25-ல் ஏவியவை, நிலநடுக்கோட்டுக்கு 24 டிகிரி சாய்வு. நாளுக்கு 5000 போல மறைப்புகள், பெரும்பாலும் 45 டிகிரி வடக்குக்கும் தெற்குக்கும் நடுவில். அந்தப் பட்டையின் பரப்பு 36 கோடி சதுர கிமீ. புதுச்சேரியைச் சுற்றி 300 கிமீ வட்டம் 2.8 லட்சம் சதுர கிமீ. நாளுக்கு நாலு வரும். 100 கிமீ வட்டமென்றால் ரெண்டு நாளைக்கு ஒன்று. வணிக நிறுவனங்களின் சிறு கோள்களைச் சேர்த்தால் கூடும்.

புயலின் கண்ணைப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். செங்குத்தில் 100, 200 மீட்டர் நுணுக்கம் உண்டு, ஆனால் கிடைமட்டத்தில் அலையின் பாதை நெடுக 200, 300 கிமீ காற்றை ஒன்றாகக் கலக்கித்தான் தரும். கண் சுவர் அதில் கரைந்துபோகும். புயலுக்குமேல் ட்ரோபோபாஸ் (மேகமும் மழையும் உள்ள கீழ் அடுக்கின் உச்சி) எவ்வளவு உயர்ந்தது, எவ்வளவு குளிர்ந்தது, வெளிவட்டத்தில் ஈரம் எவ்வளவு என்று பார்க்கலாம். அதைவிடப் பெரிய பயன் மாதிரிக்குள் போவதில்தான். நொய்டாவிலுள்ள தேசிய மையம் இந்தத் தரவை மாதிரியில் சேர்க்கிறது. மற்ற செயற்கைக்கோள் கருவிகள் நாளாக நாளாகச் சாயும், இது கடிகாரத்தை வைத்து அளப்பதால் சாயாது. மற்றவற்றின் சாய்வைத் திருத்த இது நங்கூரம்.

காரைக்கால் பலூன் | ஞாயிறு, இரவு 9.20

நம் பி.எஸ்.எல்.வி. ஏற்றியவற்றிலும் இந்தக் கருவி இருந்தது. 2009-ல் ஓஷன்சாட்-2, 2011-ல் மேகா-ட்ராபிக்ஸ், ரெண்டிலும் இத்தாலியின் ரோசா.

கெடிலக்கரை | திங்கள், காலை 7.50

மேல் பக்கம் ஒரு கேள்வி. 40 கிமீ-க்கு மேல் எல்லாக் கோப்பும் ஒன்றுபோலவே வழவழவென்று இருக்கிறது. அங்கே துல்லியம் அவ்வளவு நல்லதா?

பாகூர் ஏரி | திங்கள், காலை 8.44

வழவழப்பைக் கண்டால் சந்தேகப்படுங்கள். 60 கிமீ-ல் வளைவு சில மைக்ரோரேடியன்தான். கோளின் வேகத்தில் விநாடிக்கு 0.1 மில்லிமீட்டர் பிசகினால், அதைச் செங்குத்து வேகமான 3 கிமீ-ஆல் வகுக்க, 0.03 மைக்ரோரேடியன். அங்கேயே ஒரு சதவீதம் போச்சு. அதோடு அயனிமண்டல எச்சம், கடிகார இரைச்சல். ஏபெல் மாற்றம் வெங்காயத்தை வெளித்தோலிலிருந்து உரிப்பது போல, மேல் தோலின் பிழை உள்ளே உள்ள எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். அதனால் மேலே சராசரிக் காலநிலை வளைவைக் கலக்கிறார்கள். அந்த வழவழப்பு அதுதான். கோப்பில் அளந்த வளைவுக் கோணமும் கலந்த வளைவுக் கோணமும் தனித்தனியே இருக்கும். ரெண்டையும் ஒரே படத்தில் போடுங்கள், எங்கே பிரிகின்றனவோ அதற்குமேல் காலநிலைப் புத்தகம்தான்.

நம் ஊருக்கு மட்டும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. சூரியன் மறைந்தபின் 7 மணியிலிருந்து நள்ளிரவுவரை, குறிப்பாகப் பங்குனி, புரட்டாசி வாக்கில், அயனிமண்டலத்தில் குமிழிகள் எழும். எல்1, எல்2 என்ற ரெண்டு ஜிபிஎஸ் அலைகளின் வளைவையும் 2.546, மைனஸ் 1.546 என்ற எடையில் கூட்டினால் அயனிமண்டலம் போய்விடும் என்பது கணக்கு. ஆனால் அந்த எடைகளே இரைச்சலை மூன்று மடங்காக்கும், குமிழிக்குள் ரெண்டு அலையும் வேறு வேறு பாதையில் போகும். மாலைக் கோப்புகளில் 30 கிமீ-க்கு மேல் அலைஅலையாகத் தெரிந்தால் வளிமண்டல ஈர்ப்பு அலை (காற்று மேலும் கீழும் ஆடும் அலை) என்று கட்டுரை எழுதக் கிளம்பாதீர்கள். அதே இடத்தின் அதிகாலைக் கோப்பை முதலில் பாருங்கள்.

உப்பளம் | திங்கள், காலை 10.27

வீட்டு மாடியில் ஒரு ஜிபிஎஸ் வைத்து இதைச் செய்ய வழி உண்டா?

சில்வர் பீச் | திங்கள், நண்பகல் 12.35

மறைப்பு முடியாது, அதுக்கு மேலேர்ந்து பாக்கணும். தலைக்கு மேல மொத்தம் எவ்ளோ நீராவி இருக்குன்னு பாக்கலாம். போன் ஜிபிஎஸ் உதவாது. ரெண்டு அலைவரிசை ரிசீவர், யூ-ப்ளாக்ஸ் எஃப்9பி மாதிரி, கட்டமையம் (சிக்னல் வந்து சேர்ற புள்ளி) அளந்த ஆன்டெனா, 30 விநாடிக்கு ஒரு பதிவு, 10 டிகிரிக்குக் கீழே உள்ள கோளை விட்டுடுங்க. தனிப்புள்ளித் துல்லிய முறையில (ஒரே ரிசீவரை வச்சுப் போடற கணக்கு) ஓட்டினா உச்சித் தாமதம், அதாவது நேர் மேலேர்ந்து வர்ற அலைக்குக் காத்தால ஆகிற தாமதம் வரும், நம்ம ஊர்ல 2.6, 2.7 மீட்டர் போல. அதுல உலர் பங்கு அழுத்தத்தை 2.28 மில்லிமீட்டரால பெருக்கினது: 1008-க்கு 2.30 மீட்டர். மிச்சம் 40 செமீ-ன்னா அதை 0.16-ஆல பெருக்குங்க, 64 மில்லிமீட்டர் நீர்.

அழுத்தமானி மாடி உயரத்துலயே இருக்கணும். ஒரு ஹெக்டோபாஸ்கல் தப்பினா நீர்ல 0.36 மில்லிமீட்டர் தப்பும். தகரக் கூரை, எவர்சில்வர் தண்ணி டேங்க் பக்கத்துல வைக்காதீங்க, எதிரொலி அலை வந்து கலக்கும். இணைப்பி மேல தானே ஒட்டிக்கிற ரப்பர் டேப் ரெண்டு சுத்து, அதுக்கு மேல கறுப்பு டேப். கடல் காத்துல அது இல்லாம விட்டா பித்தளை பச்சை பூத்துடும், சிக்னல் வலு மெல்ல மெல்ல இறங்கும், நீங்க வானிலைன்னு நினைச்சுக்கிட்டு இருப்பீங்க.

கெடிலக்கரை | திங்கள், இரவு 9.40

மார்ச் கோப்புகளை ஒதுக்கிவிட்டு, 12 கிமீ-க்குக் கீழே 'என்' மட்டும், மேலே உலர் வெப்பநிலை, 40-க்கு மேல் வெட்டிவிட்டேன். ஒரு கோப்பு மட்டும் எல்லா உயரத்திலும் அபத்தமாக இருக்கிறது, 14 கிமீ-ல் மைனஸ் 140.

காரைக்கால் பலூன் | திங்கள், இரவு 9.52

கோப்பின் பண்புகளில் 'பேட்' (கெட்ட கோப்பு) என்று ஒன்று இருக்கும், மதிப்பு பூச்சியமா ஒன்றா?

கெடிலக்கரை | திங்கள், இரவு 9.55

ஒன்று.